ஊருக்குச் சொல்வது எப்படி: செத்தவீடு முதல் காணாமல்போன மாடு வரை

என் பெரியப்பா இறந்தபோது ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைப் பக்கம் முழுக்க அறிவித்தோம். நோட்டீஸ் அடித்தோம். வட்ஸ்அப்பிலும் போட்டோம். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் காலையில், மண்டூரிலிருந்து வயதான ஒருவர் குருமண்வெளிப் பாதை (ஆட்களை ஆற்றைக் கடத்தும் மிதவை) ஏறி வந்து எங்கள் முற்றத்தில் நின்றார். பெரியப்பாவோடு பல வருடம் வயல் செய்தவர். "நோட்டீஸ் என்ட கையிலதான் இருந்தது மனே. ஆரோ எண்டு நினைச்சு மடிச்சு வைச்சிட்டன். சுருட்டுக்காரர் எண்டு ஒரு சொல்லுப் போட்டிருக்கலாமே" என்றார். பெரியப்பாவின் பதிவுப் பெயர் அவருக்குத் தெரியாது. ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. அந்த நோட்டீஸை எழுதியவன் நான்.

அதற்குப் பிறகு ஊரில் யார் அறிவித்தல் எழுதச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதைப் பார்க்கிறவர்களில் ஆகத் தூரத்தில், ஆக வயது போன ஆள் யார்? அவருக்கு விளங்கினால் எல்லோருக்கும் விளங்கும். கீழே எழுதியிருப்பது முழுக்க அந்த ஆளை மனதில் வைத்துத்தான்.

மரண அறிவித்தல்: முதல் இரண்டு மணித்தியாலம்

மரணம் நடந்தவுடன் எல்லோருடைய கையும் போனுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு கொப்பித் தாளை எடுத்து, நேரில் அல்லது குரலில் சொல்லவேண்டியவர்களின் பெயரை எழுதுங்கள். இறந்தவரின் கூடப்பிறந்தவர்கள், தாய்மாமன் வழி, சம்பந்தி வீட்டார், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர் அல்லது தலைவர், மரண உதவிச் சங்கத்துச் செயலாளர். இவர்களுக்குச் சொல்லி முடிக்கும்வரை பேஸ்புக்கில் யாரும் படம் போடக்கூடாது என்று வீட்டு இளந்தாரிகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். தகப்பன் இறந்த செய்தியை யாரோ போட்ட 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்ற பதிவில் பார்த்து அறிந்த மகளை எனக்குத் தெரியும். சுவிஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது பஸ்ஸுக்குள் பார்த்திருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு அது இன்னும் ஆறவில்லை.

அடுத்தது நேரம். அடக்கம் எத்தனை மணிக்கு என்று அவசரப்பட்டு அறிவித்துவிட்டு மாற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. வீட்டில் இறந்திருந்தால் கிராம உத்தியோகத்தருக்கு உடனே தெரிவியுங்கள். மரணப் பதிவுக்கு அவருடைய அறிக்கை வேண்டும். விபத்து, பாம்புக்கடி, நீரில் மூழ்கியது போன்ற திடீர் மரணம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்த்து, தேவைப்பட்டால் பிரேத பரிசோதனையும் முடிந்த பிறகுதான் உடல் கைக்கு வரும். அது எத்தனை மணிக்கு என்று யாராலும் சொல்லமுடியாது. அப்படிப்பட்ட வீடுகளில் முதல் அறிவித்தலில் மரணச் செய்தியை மட்டும் சொல்லி, "இறுதிக்கிரியை நேரம் பின்னர் அறிவிக்கப்படும்" என்று நிறுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரவேண்டியிருந்தாலும் இதே முறைதான். டிக்கெட் உறுதியான பிறகு நாளைச் சொல்லுங்கள்.

பெயர்ப் பகுதி

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆண் கலியாணம் முடித்துப் பெண்வீட்டு ஊருக்குப் போவார். பழுகாமத்தில் பிறந்தவர் குருக்கள்மடத்தில் நாற்பது வருடம் வாழ்ந்திருப்பார். பிறந்த ஊரில் அவரைச் சின்ன வயதுப் பெயரில் அறிவார்கள். வாழ்ந்த ஊரில் தொழில் பெயரிலோ பட்டப்பெயரிலோ அறிவார்கள். அடையாள அட்டையில் இருப்பது மூன்றாவது பெயர். அதனால் பிறப்பிடம், வசிப்பிடம், அழைக்கும் பெயர் மூன்றும் வேண்டும். அழைக்கும் பெயரைப் பதிவுப் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். பட்டப்பெயர் மரியாதைக் குறைவு என்று சிலர் தயங்குவார்கள். உண்மையிலேயே நையாண்டிப் பெயராக இருந்தால் விட்டுவிட்டு, "சந்தைக் கடை", "பழைய தபால்காரர்", "மில்லடி வீடு" என்று தொழிலையோ இடத்தையோ போடலாம். மற்றபடி அந்த மனிதரை ஊர் எந்தப் பெயரால் கூப்பிட்டதோ அதுதான் அவருக்கு மரியாதை.

நோட்டீஸுக்குரிய வாசகம் ஏறக்குறைய இப்படி வரும்:

"பழுகாமத்தைப் பிறப்பிடமாகவும் குருக்கள்மடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட (முழுப்பெயர் – அழைக்கும் பெயர்) அவர்கள் (கிழமை, திகதி) அன்று இறைவனடி சேர்ந்தார். அன்னார், காலஞ்சென்ற … தம்பதியரின் அன்பு மகனும், …இன் அன்புக் கணவரும், …ஆகியோரின் பாசமிகு தந்தையும், …ஆகியோரின் சகோதரரும், …ஆகியோரின் மாமனாரும் ஆவார். அன்னாரின் இறுதிக்கிரியைகள் (கிழமை, திகதி, நேரம்) அவரது இல்லத்தில் நடைபெற்று, பூதவுடல் (மயானத்தின் பெயர்) இந்து மயானத்தில் நல்லடக்கம் செய்யப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: குடும்பத்தினர்."

உறவு வரிசையில் யாரையும் விட்டுவிடாமல் இருக்க ஒரு வழி: எழுதியவரே சரிபார்க்கக்கூடாது. குடும்பத்தில் மூத்த பெண்பிள்ளை ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அம்மம்மா, பெரியம்மா போன்றவர்களுக்குத்தான் யார் யாருக்கு யார் என்பது முழுதாகத் தெரியும். 'காலஞ்சென்ற' என்ற சொல் யாருக்கு முன்னால் வருகிறது என்பதை இரண்டு தடவை பாருங்கள். உயிரோடு இருப்பவருக்கு முன்னால் அது விழுந்த நோட்டீஸ் எங்கள் ஊரில் ஒருமுறை வீடுவீடாகப் போய்விட்டது. தவறு அச்சகத்தினுடையதோ எழுதினவருடையதோ, அதைத் திரும்ப வாங்க முடியாது.

நல்லடக்கமா தகனமா என்பதையும் கேட்டு எழுதுங்கள். எங்கள் மாவட்டத்தில் இந்துக் குடும்பங்கள் பலவற்றில் அடக்கம்தான் வழக்கம். வேறிடத்து மாதிரியைப் பார்த்து 'தகனக்கிரியை' என்று அப்படியே இறக்கிவிடுகிறார்கள். கிறிஸ்தவக் குடும்பமானால் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்', 'சேமக்காலை' என்று வரும். முஸ்லிம் குடும்பத்துக்கு உதவிசெய்கிறீர்கள் என்றால் 'வபாத்தானார்', 'ஜனாஸாத் தொழுகை', 'மையவாடி' என்ற சொற்களே சரி. அங்கே நேரம் மிகக் குறைவு. காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்ன சில மணித்தியாலங்களுக்குள் அடக்கம் முடிந்துவிடும். ஆகவே தொழுகை எந்தப் பள்ளியில், எந்த வக்துத் தொழுகைக்குப் பின் என்ற ஒரு வரிதான் அதில் உயிர்நாடி.

ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ

நோட்டீஸுக்கு எழுதியதை அப்படியே மைக்கில் வாசிக்கவேண்டாம். ஓடுகிற ஆட்டோவின் சத்தம் ஒரு வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து விநாடிதான் கேட்கும். அதற்குள் 'பாசமிகு', 'அன்பு' எல்லாம் போய்க்கொண்டிருந்தால் பெயர் அடுத்த வளவுக்குத்தான் கேட்கும். காதுக்கென்று தனியாக எழுதுங்கள்:

"மரண அறிவித்தல். குருக்கள்மடம், மில்லடி வீதி, (அழைக்கும் பெயர்), (முழுப்பெயர்) அவர்கள் காலமானார். அடக்கம் புதன்கிழமை, பின்னேரம் நான்கு மணி. மறுபடியும் சொல்கிறோம்: (அழைக்கும் பெயர்). புதன்கிழமை, பின்னேரம் நான்கு மணி."

இவ்வளவு போதும். மூத்த மகன் பெயரையும் சேர்த்தால் ஆளை அடையாளம் காண்பது இன்னும் சுகம். சந்திகளில் ஆட்டோவை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இரண்டு தடவை சொல்லச் சொல்லுங்கள். நடுநடுவே சோக இசை போடுவதானால் சொல் முடிந்த பிறகு போடட்டும். சொல்லுக்கு அடியில் ஓடவிட்டால் ஒன்றும் விளங்காது. வாசிப்பவர் அழுகிற குரலில் வாசிக்கத் தேவையில்லை. தெளிவான, நிதானமான குரல்தான் வேண்டும்.

போகவேண்டிய ஊர்களை ஓட்டுநரின் விருப்பத்துக்கு விடாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். இறந்தவரின் பிறந்த ஊர், மனைவியின் ஊர், பிள்ளைகள் கலியாணம் முடித்த ஊர்கள், வயல் செய்த வட்டை (வயல்வெளி). வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் இருந்தவர் என்றால் ஒரு ஆட்டோ கட்டாயம் அக்கரைக்குப் போகவேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவது இலேசு. முன்பு பாதைக்காகக் காத்துநின்று ஆற்றைக் கடக்கவேண்டியிருந்ததால் அக்கரைக்குச் செய்தி பிந்திப்போனதில் ஞாயம் இருந்தது. இப்போது இல்லை. நாங்கள் பெரியப்பாவுக்குச் செய்த குறை அதுவும்தான்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்கவேண்டும். 2007இல் உயர் நீதிமன்றம் ஒலி மாசு பற்றிய வழக்கொன்றில், பொதுவாக இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று வரையறுத்தது. அனுமதி ஒரு பக்கம் இருக்க, பாடசாலை, ஆஸ்பத்திரி வாசல்களில் சத்தத்தைக் குறைத்துச் செல்லச் சொல்லுங்கள்.

பிரதான வீதியிலிருந்து வீடுவரை வெள்ளைக் கொடி கட்டும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்று இருக்கிறதா என்று ஒருவர் மோட்டார்சைக்கிளில் ஓடிப் பார்க்கவேண்டும். வெளியூர் ஆட்களுக்குக் கொடிதான் வழிகாட்டி.

வட்ஸ்அப், வானொலி, பத்திரிகை

வட்ஸ்அப் அறிவித்தலில் 'இன்று', 'நாளை' என்ற சொற்களை எழுதவே கூடாது. படம் மூன்று நாள் கழித்தும் ஓடிக்கொண்டிருக்கும். 'நாளை மாலை அடக்கம்' என்று பார்த்துவிட்டு அடுத்த நாள் பொத்துவிலிலிருந்து வாகனம் பிடித்து வந்து, கழுவிவிட்ட முற்றத்தைப் பார்த்துத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். கிழமை, திகதி, நேரம் மூன்றையும் எழுதுங்கள். வெளிநாட்டு உறவுகள் நேரலை பார்ப்பதானால் 'இலங்கை நேரப்படி' என்று சேருங்கள். லண்டனைவிட நாம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால்; அங்கே கோடைநேரம் மாற்றிய மாதங்களில் நாலரை.

படத்தோடு ஒரு குரல்பதிவும் அனுப்புங்கள். எழுத்து வாசிக்கக் கண் தெரியாத பெத்தாமார் எத்தனை பேர் பேரப்பிள்ளையின் போனில் கேட்டு அறிகிறார்கள் என்பது அனுப்பிப் பார்த்தால் தெரியும்.

தொடர்பு இலக்கம் இரண்டு போதும். மனைவி, மக்களின் இலக்கத்தைக் கொடுக்கவேண்டாம். அழுதுகொண்டிருக்கும் ஆளிடம் வழி கேட்கிறதா? மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ, அவர் சம்மதத்தோடு.

இலங்கை வானொலியின் மரண அறிவித்தலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த நேரத்தில் அம்மம்மா அடுப்படியில் கரண்டியைக்கூட அசைக்கமாட்டா. கொழும்பு, மலைநாடு, வடக்கு என்று உறவுகள் பரந்திருந்தால் வானொலியும், வீரகேசரி போன்ற பத்திரிகையும் இன்றைக்கும் பயன்தான். விண்ணப்பத்தோடு மரணத்தை உறுதிப்படுத்தும் ஆவணத்தையும் அனுப்பும் ஆளின் அடையாள அட்டையையும் தயாராக வைத்திருங்கள். எத்தனை மணிக்கு முன் கொடுத்தால் மறுநாள் வரும் என்பதைப் போன்செய்து கேட்டுவிடுங்கள். அடக்கத்துக்குப் பிறகுதான் வெளிவரும் என்றால் அந்தக் காசை 31ஆம் நாள் கிரியை அறிவித்தலுக்கு வையுங்கள்.

31ஆம் நாளுக்கு நோட்டீஸ் மட்டும் போதாது. செத்தவீட்டுக்குச் சொல்லாமலும் வருவார்கள். முப்பத்தொன்றுக்குச் சொன்னால்தான் வருவார்கள். அடக்கத்துக்கு வந்தவர்கள், காசு கொடுத்தவர்கள், வரமுடியாமல் போனவர்கள் என்று கொப்பியில் இருக்கும் பெயர்களைப் பார்த்து வீடுவீடாகப் போகவேண்டும். பெரியப்பாவின் முப்பத்தொன்றுக்கு நான் முதலில் போனது மண்டூருக்கு. நோட்டீஸில் 'சுருட்டுக்காரர்' என்று போட்டிருந்தேன். அவர் அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் இரண்டு மரக்கால் அரிசி கட்டித் தந்தார்.

கலியாணமும் சாமத்தியமும்

கலியாணக் கார்ட் எழுதுவது பெரிய வேலையில்லை. மாதிரிகள் எல்லா அச்சகத்திலும் உண்டு. சொல்லப்போவதுதான் வேலை. நெருங்கிய உறவுக்குக் கார்ட்டை ஆள்விட்டு அனுப்பினால் வரமாட்டார்கள். வந்தாலும் பந்தலின் ஓரத்தில் நின்றுவிட்டுப் போவார்கள். கணவன், மனைவி இருவருமாகப் போங்கள். மூத்தவர்கள் வீட்டில் வெற்றிலை வட்டாவோடு போங்கள். "மாமா, நீங்கதான் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரணும்" என்று வாயால் சொல்லுங்கள். கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்னரே தொடங்கினால்தான் ஓடி முடிக்கலாம். பட்டியலைத் தாய்வழி, தகப்பன்வழி, அயல், வேலைத்தளம் என்று பிரித்து, சொன்னவுடன் அடையாளம் போடுங்கள். ஒரே வளவில் மூன்று குடும்பம் இருந்தால் மூன்று கார்ட்.

சட்டப்படியான அறிவித்தல் ஒன்றும் இதில் உண்டு; அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பொதுச் சட்டத்தின் கீழ் திருமணம் பதிவதானால் விவாகப் பதிவாளரிடம் முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்கவேண்டும். அது பதியப்பட்டு 12 நாள் கழித்துத்தான் அத்தாட்சி தருவார். விசேட அனுமதி எடுத்தால் காத்திருக்கத் தேவையில்லை. தாலி கட்டும் அன்றே கையெழுத்தும் வைக்க நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள்.

பிள்ளை பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, யார் கோபித்தாலும் சொல்வேன். பிள்ளையின் படத்தைப் பெரிய பெனரில் சந்தியில் தொங்கவிடாதீர்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை அடுத்த கிழமை அந்தச் சந்தியால்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும். உறவுக்குக் கார்ட் கொடுங்கள், வீட்டு வாசலில் வாழை கட்டுங்கள். பேஸ்புக்கில் போடுவதானால் பிள்ளையிடம் கேளுங்கள்.

கோயில், வயல்

கோயில் நோட்டீஸை நிர்வாகம் எழுதும். நீங்கள் எழுதிக்கொடுக்க நேர்ந்தால், எந்த நாள் எந்தக் குடியின் (தாய்வழிக் குலத்தின்) திருவிழா என்ற வரிசையை வண்ணக்கரிடம் எழுத்தில் வாங்குங்கள்; போன வருட நோட்டீஸைப் பார்த்து எழுதாதீர்கள். கண்ணகி அம்மன் சடங்கென்றால் கதவு திறத்தல், கல்யாணக்கால் நடுதல், குளிர்த்தி (அம்மனைக் குளிர்விக்கும் நிறைவு நிகழ்வு) ஆகிய மூன்றின் நாளும் நேரமும் தடித்த எழுத்தில் வரட்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் குளிர்த்தி நாளைப் பார்த்துத்தான் டிக்கெட் போடுகிறார்கள். குளிர்த்தி நள்ளிரவு தாண்டி வந்தால் 'வெள்ளி இரவு, விடிந்தால் சனி' என்று எழுதுங்கள். அங்கேதான் திகதிக் குழப்பம் வருகிறது.

வயல் அறிவித்தல் சுருக்கமாக இருக்கவேண்டும். போகத்துக்கு முந்திய ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் கடைசி நாள், மாடுகளை வட்டையிலிருந்து வெளியேற்றவேண்டிய நாள் எல்லாம் தீர்மானமாகும். வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானை இவற்றைக் கூட்டம் முடிந்த அன்றே தேநீர்க்கடை, உரக்கடை, நெல் ஆலை ஆகிய இடங்களில் ஒட்டிவிடுவது நல்லது. மூன்று திகதியும் மூன்று வரி. மாட்டுக்காரர்களுக்கு மட்டும் தனியாக நேரில் சொல்லுங்கள். அவர்கள் கடைப்பக்கம் வருவது குறைவு.

காணவில்லை, கண்டெடுத்தோம், உதவி தேவை

மாடு காணாமல் போனால் நிறம், கொம்பு, வயது, கடைசியாகக் கண்ட இடம், உடம்பில் சுட்ட குறி. குறியைச் சொற்களால் விளக்காமல் கையால் வரைந்து போடுங்கள். ஆனால் ஓர் அடையாளத்தை எழுதாமல் உங்களிடமே வைத்திருங்கள்: காதில் ஒரு சின்னக் கிழிசல், வாலில் வெள்ளை மயிர். 'என்னிடம் இருக்கிறது, காசு அனுப்பு' என்று போன் வந்தால் அதைக் கேட்கலாம். கண்டெடுத்த பொருளுக்கும் அப்படியே. 'ஒரு காப்பு கண்டெடுக்கப்பட்டது' என்று மட்டும் போடுங்கள். எத்தனை பவுண், என்ன வேலைப்பாடு என்பதை உரியவர் சொல்லட்டும்.

அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணி உறுதி தொலைந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாடு. பிறகுதான் அறிவித்தல். கண்டெடுத்த அட்டையைப் படமெடுத்து இலக்கம் தெரியப் போடுவது உதவியில்லை. பெயரும் ஊரும் போதும், இலக்கத்தை விரலால் மறைத்துப் படமெடுங்கள்.

மருத்துவ உதவி கோரும் அறிவித்தலில்தான் ஆகக் கவனம் வேண்டும். ஏனென்றால் பொய்யான ஒன்று ஓடினால் அடுத்த உண்மையான நோயாளிக்கு ஒருவரும் தரமாட்டார்கள். நோயாளியின் பெயரில் அல்லது நேரடிக் குடும்பத்தார் பெயரில் வங்கிக் கணக்கு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், தேவைப்படும் தொகை, அறிவித்தல் செல்லுபடியாகும் கடைசித் திகதி. ஆஸ்பத்திரி அறிக்கையை முழுதாகப் போடவேண்டாம். ஒருவரின் நோயை ஊர் முழுக்க வாசிக்கத் தேவையில்லை. தொகை சேர்ந்ததும் 'போதுமான உதவி கிடைத்துவிட்டது, நன்றி' என்று அதே குழுக்களில் போடுங்கள். நோயாளி இறந்துவிட்டால் அதையும் சொல்லி, மிச்சக் காசு என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள்.

பிழை திருத்தமும் அவிழ்ப்பதும்

நேரம் மாறினால் பழைய படத்தைத் திருத்தி அனுப்பாதீர்கள், இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வேறு நிறத்தில், மேலே 'நேர மாற்றம்' என்று பெரிதாகப் போட்டுப் புதிதாகச் செய்யுங்கள். முதல் அறிவித்தல் போன எல்லா வழியிலும் திருத்தம் போகவேண்டும். ஆட்டோ போன ஊருக்கு மறுபடி ஆட்டோ.

பெனர் கட்டும்போது கச்சான் காற்றுக் காலத்தில் நடுவில் நாலைந்து பிறைவெட்டு வெட்டிவிடுங்கள், கிழியாது. மாரிக்காலத்தில் காகித நோட்டீஸை லேமினேட் பண்ணுங்கள், அல்லது கடைத் தாழ்வாரத்துக்குள் ஒட்டுங்கள். மரத்தில் ஆணி அடிக்கவேண்டாம். சந்தி வளைவில் வாகனம் வருவது மறைந்தால் அந்த இடத்தில் கட்டவேண்டாம்.

கட்டியவர்தான் அவிழ்க்கவேண்டும். கண்ணீர் அஞ்சலி பெனர் முப்பத்தொன்று முடிந்த மறுநாள் இறங்கட்டும். வெயிலில் வெளிறி, ஒரு கயிறு அறுந்து, முகம் மடிந்து தொங்கும்வரை விடவேண்டாம். படப் பகுதியைக் கத்தரித்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மிச்சம் நல்ல தடிப்பான சீலை, நெல் மூட்டை மூட உதவும்.